ஹாலேயிலிருந்து வண்ணார்பண்ணைக்கு: நம் மேடைப் பேச்சு வந்த வழி

(நேரலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

ஜேர்மனியில் இப்போது மாலை ஆறு மணி. ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு நண்பகல், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருப்பவர்களுக்கு இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். இந்த நேரத்திலும் இணைந்திருக்கும் எல்லோருக்கும் நன்றி.

மேடையில் நன்றாகப் பேசுவது எப்படி என்று சொல்லும்படி ஏற்பாட்டாளர்கள் என்னிடம் கேட்டார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், நிமிர்ந்து நில்லுங்கள், மூச்சை இழுத்துவிட்டுத் தொடங்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே நான் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறேன். தமிழில் மேடைப் பேச்சு என்ற ஒன்று எங்கிருந்து வந்தது, யார் யார் அதை எப்படிக் கற்றார்கள் என்ற வரலாற்றைச் சொல்கிறேன். அந்த வரலாற்றில் நாங்கள் இப்போது வாழும் இந்த ஜேர்மனிக்கும் ஓர் இடம் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு சிறு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் ரூர் பகுதியில் உள்ள ஒரு நகரத்தில் பிள்ளைகளுக்கான பேச்சுப் போட்டி நடந்தது. நான் மூன்று நடுவர்களில் ஒருவன். தமிழரின் விருந்தோம்பல் என்பது தலைப்பு. பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி மேடைக்கு வந்தாள். முதல் இரண்டு பந்திகளையும் மணிமணியாகச் சொன்னாள். மூன்றாவது பந்தியில் ஒரு சொல் வரவில்லை. முன்வரிசையில் இருந்த தகப்பன் உதட்டை அசைத்துக் காட்டினார். பிள்ளைக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன். "மாமா, எனக்கு எல்லாம் பாடம். அந்த ஒரு சொல்லு மட்டும் வரேல்ல" என்றாள். சரி, உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். அம்மம்மா குழம்பிலிருந்து நல்ல மீன் துண்டுகளை முதலே எடுத்து ஒளித்து வைப்பது, வந்தவர் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னால் அதை அம்மம்மா கண்டுபிடிப்பது, விருந்தாளி போனபிறகு மிஞ்சியதை எல்லோரும் சட்டியைச் சுற்றி இருந்து சாப்பிடுவது என்று ஐந்து நிமிடம் சொன்னாள். இடையிடையே டொச் சொற்கள் வந்தன. ஆனாலும் அன்று நான் கேட்ட பேச்சுகளில் அதுதான் சிறந்தது. "இதை ஏன் பிள்ளை மேடையில் சொல்லேல்ல?" என்று கேட்டேன். "அது பேச்சு இல்லையே மாமா. அது கதைக்கிறது" என்றாள்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. கதைப்பது வேறு, பேச்சு வேறு என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள். எங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? இதைத் தேடிப் போனபோது கிடைத்தவற்றைத்தான் இன்று பகிர்கிறேன்.

பிரசங்கத்துக்கு முன்

தமிழருக்குச் சொல்வன்மை புதிதல்ல. திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் இருக்கின்றன. பட்டிமண்டபம் மணிமேகலையிலேயே வருகிறது. புலவர்கள் அவையில் நூல்களை அரங்கேற்றினார்கள். கோயில்களில் புராணம் படித்துப் பயன் சொன்னார்கள். கூத்து இருந்தது, கதாகாலட்சேபம் இருந்தது.

ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அவை உண்டு. புலவர் புலவர்களுக்குச் சொன்னார். புராணப் படிப்பில் பாட்டும் அதன் பொருளும்தான் முதன்மை. முன்பின் அறியாத பலர் கூடியிருக்க, ஒருவர் எழுந்து நின்று, உரைநடையில், அவர்கள் எல்லோரையும் பார்த்து "நீங்கள் இதைச் செய்ய வேண்டும்" என்று வாதிடுவது வேறு வகை. பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மதுரையில் தங்கித் தமிழ் மேடைப் பேச்சை ஆராய்ந்தவர். அவர் 2016இல் காலமானார். தமிழ் அரசியல் மேடையின் வேர் புரட்டஸ்தாந்துப் பிரசங்கத்தில் இருக்கிறது என்ற அவருடைய ஆய்வு 2021இல் நூலாக வெளிவந்தது. கத்தோலிக்கத் துறவிகள் அதற்கு முன்பே தமிழில் போதித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. முத்துக்குளித்துறையில் என்றிக்கே என்றிக்கசும் மதுரையில் தத்துவபோதகர் எனப்பட்ட நொபிலியும் இருந்தார்கள். என்றாலும் புரட்டஸ்தாந்து வழிபாட்டில்தான் பிரசங்கம் நடுநாயகமானது. வாராவாரம் பிரசங்கம் நடக்கவேண்டும், அது கேட்பவருக்கு விளங்கவேண்டும் என்பது அந்தச் சமயத்தின் அடிப்படை.

மணலில் எழுதிய ஜேர்மானியர்

1706 ஜூலை 9ஆம் திகதி தரங்கம்பாடியில் இரண்டு ஜேர்மானியர் வந்திறங்கினார்கள். ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்க், மற்றவர் ஹைன்றிச் புளுட்சோ. தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரரின் வணிகத் தலம். இவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். சீகன்பால்க் சக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்ற சிறிய ஊரில் 1682இல் பிறந்தவர். ஹாலே நகரில் படித்தவர். ஹாலேயில் ஃபிராங்கே என்ற பேராசிரியர் அநாதைப் பிள்ளைகளுக்காக நிறுவிய பெரிய கல்வி நிலையம் இருந்தது. அதன் பெயர் இன்றும் ஃபிராங்கே நிறுவனம்தான்.

சீகன்பால்குக்கு அப்போது 24 வயது. ஒரு சொல் தமிழ் தெரியாது. அகராதி இல்லை. அவர் செய்தது என்ன? முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை மாணவர்களோடு தம் வீட்டுக்கே வரவழைத்தார். சின்னப் பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பிறகு பல மொழி தெரிந்த அழகப்பன் என்ற துபாஷியைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அடுத்து ஏடுகளைச் சேர்த்தார், எழுத்தர்களை வைத்துப் படியெடுத்தார், காலையிலும் மாலையிலும் உரக்கப் படிக்க வைத்துக் கேட்டார். தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு 1708இலேயே ஒரு பட்டியல் எழுதினார். தமிழ் இலக்கிய வரலாற்றுக்கு இன்றும் பயன்படும் பட்டியல் அது.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செய்யுளில் வரும் தமிழ் வேறு, கடைத்தெருவில் வரும் தமிழ் வேறு என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார். இரண்டுக்கும் தனித்தனிச் சொற்றொகுதிகள் தயாரித்தார். படித்தது செய்யுள், பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டது பேச்சுக்கு நெருங்கிய உரைநடை. 1707 ஓகஸ்ட் 14ஆம் திகதி அவருடைய முதல் சிறிய தேவாலயம் திறக்கப்பட்டது. வந்து பதின்மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே தமிழிலும் போர்த்துக்கேய மொழியிலும் பிரசங்கம் நடந்தது.

அவருடைய உச்சரிப்பு எப்படி இருந்திருக்கும்? ழகரத்தைச் சரியாகச் சொல்லியிருப்பாரா? நம் போட்டிகளில் பங்குபற்றியிருந்தால் உச்சரிப்புக்கு எத்தனை புள்ளி கிடைத்திருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன். ஆனால் அவர் பேசிவிட்டுப் போய்விடவில்லை. ஊருக்குள் போய் மக்களிடம் கேள்வி கேட்டார், அவர்கள் திருப்பிக் கேட்டவற்றுக்குப் பதில் சொன்னார். 1712 முதல் 1714 வரை அவரும் அவருடைய தோழர் குருண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில்களைக் கடிதங்களாகப் பெற்றார்கள். அந்தக் கடிதங்கள் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாகின. நம் முன்னோர் அவற்றில் தயங்காமல் மறுத்து வாதிட்டிருக்கிறார்கள்.

இதை ஒரு பொற்காலமாகச் சொல்லவும் கூடாது. அவர் வந்தது மதம் மாற்றுவதற்கு. அவர் கட்டிய தேவாலயத்திலும் சாதி பார்த்துத் தனித்தனியாக இருக்க வைத்தார்கள். ஒரே பிரசங்கத்தைக் கேட்டவர்கள் ஒன்றாக இருக்க முடியவில்லை.

1714இல் அவர் ஐரோப்பா வந்தபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட்டிவந்தார். கப்பலிலும் ஐரோப்பாவிலும் தமிழ் மறக்காமல் இருக்க அந்த இளைஞர் உதவினார். 1716இல் ஹாலேயில் சீகன்பால்கின் தமிழ் இலக்கண நூல் அச்சானது. ஜேர்மனிக்கு முதலில் வந்த தமிழர்களில் ஒருவர், ஒரு ஜேர்மானியருக்குத் தமிழ் மறந்துபோகாமல் பார்த்துக்கொண்டார். இன்று இங்கே நாங்கள் நம் பிள்ளைகளுக்குச் செய்ய முயல்வதும் அதுதான்.

ஒரு சமையலறை வழியாக

தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கும் புளுட்சோவும் எழுதிய கடிதங்கள் 1709இல் லண்டனில் ஆங்கிலத்தில் வந்தன. இங்கிலாந்தின் எப்வேர்த் என்ற ஊரில் சுசானா வெஸ்லி என்ற தாய் அவற்றைப் படித்தார். அவருடைய கணவர் பாதிரியார், அப்போது லண்டனுக்குப் போயிருந்தார். ஞாயிறு மாலைகளில் சுசானா வீட்டிலேயே பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் வாசித்துக் காட்டுவார். டென்மார்க் மிஷனரிகளின் கதை தம்மை மிகவும் அசைத்ததாகக் கணவருக்கு 1712 பெப்ரவரியில் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அதன்பின் முன்னிலும் ஊக்கத்தோடு பேசத் தொடங்கினார். அயலவர் வந்தார்கள். கூட்டம் இருநூறு பேர் அளவுக்குப் பெருகியது. பெண் ஒருத்தி இப்படிச் செய்யலாமா என்று உள்ளூரில் முறைப்பாடு எழுந்தது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அங்கே இருந்து கேட்ட பிள்ளைகளில் ஒருவர் ஜோன் வெஸ்லி, அப்போது எட்டு வயது. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். 1738இல் ஜேர்மனிக்கு வந்து ஹெர்ன்ஹூட்டையும் ஹாலேயையும் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு பிரிஸ்டலில் திறந்த வெளியில் நின்று சுரங்கத் தொழிலாளருக்குப் பேசத் தொடங்கினார். அவர் வழிவந்த வெஸ்லியன் மிஷன் 1814இல் இலங்கைக்கு வந்தது, யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்தியது.

இது ஒரே நேர்கோடு என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் 1816 முதல் அமெரிக்க மிஷனும் இருந்தது, அவர்கள் சந்தையிலும் தெருவிலும் பேசினார்கள். ஆனால் தரங்கம்பாடிப் பிரசங்கத்தின் கதை ஓர் ஆங்கிலத் தாயின் வாய்க்குப் போய், அவர் மகனின் இயக்கமாக மறுபடி தமிழ் நிலத்துக்கு வந்தது உண்மை.

வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்

அந்த வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் உதவியவர் நல்லூர் ஆறுமுகம். 1822 டிசம்பர் 18ஆம் திகதி பிறந்தவர். பாதிரியார்கள் பேசுவதை ஆண்டுக்கணக்காகக் கேட்டவர். அவர்களுடைய கருத்தை அவர் ஏற்கவில்லை. முறையை எடுத்துக்கொண்டார்.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் 25 வயது ஆறுமுகம் தம் முதல் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதன்பின் வெள்ளிதோறும் நடந்தது. அவரும் நண்பர் கார்த்திகேய ஐயரும் பேசினார்கள். என்ன பேசினார்கள்? கொல்லாமை, கள்ளுண்ணாமை, பிறர்மனை நயவாமை, சிவலிங்க வழிபாடு, தானம் என்று வாரம் ஒரு பொருள். நூலிலிருந்து ஒரு வாக்கை எடுத்து, விரித்து, கேட்பவர் வாழ்க்கையோடு சேர்த்து, இப்படி நடவுங்கள் என்று முடிப்பது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் அமைப்பு அதே மாதிரி, பொருள் சைவம். பிரசங்கம் என்ற அதே சொல்லைத்தான் இரு தரப்பும் பயன்படுத்தின.

1849இல் தமிழகம் போனபோது திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் கொடுத்தது. நாவன்மை உடையவர் என்பது பொருள். நாம் அவரை உரைநடைக்காகவும் பதிப்புகளுக்காகவும் நினைக்கிறோம். பட்டம் பேச்சுக்குத்தான் வந்தது. அவருடைய உரைநடையின் தெளிவுக்கும் அந்த வெள்ளிக்கிழமைகள் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாராவாரம் ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவருக்கு எந்த வசனம் விளங்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

நாவலரிடத்திலும் குறை உண்டு. சாதி வரம்புகளை அவர் காத்தார். அவர் பேசிய கோயில் வாசலைத் தாண்ட முடியாதவர்கள் அதே யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். பேச்சு எல்லோருக்கும் என்ற வடிவத்தை எடுத்தவர் எல்லோரையும் அழைக்கவில்லை.

ஆலைத் தொழிலாளர் முன்

அடுத்த கட்டம் அரசியல். 1907இல் பிபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டங்களில் பேசினார். ஆங்கிலத்தில். மறு ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசினார்கள். கேட்டவர்களில் கோரல் ஆலைத் தொழிலாளர் இருந்தார்கள். பெப்ரவரி இறுதியில் ஆலையில் வேலைநிறுத்தம், மார்ச் 12இல் கைது, ஜூலையில் தண்டனை. சிவாவுக்குப் பேசியதற்காகப் பத்தாண்டு நாடுகடத்தல். தமிழில் பேசுவதைக் கண்டு ஓர் அரசாங்கம் இவ்வளவு பயந்ததற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அதற்குப் பத்தாண்டு கழித்து, 1918இல், சென்னையில் தொழிற்சங்கம் பிறந்தபோது பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்குத் தமிழில் பேசியவர் திரு.வி.க. அவர் எங்கே படித்தார் தெரியுமா? இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில். அங்கே அவருக்குத் தமிழ் ஊட்டியவர் யாழ்ப்பாணத்து நா.கதிரைவேற் பிள்ளை, நாவலர் மரபில் வந்தவர். வெஸ்லியின் பள்ளியும் நாவலரின் மரபும் ஒரே மாணவனிடம் சேர்ந்திருக்கின்றன.

பிறகு திராவிட இயக்க மேடை வந்தது. அண்ணாவும் அவர் வழிவந்தவர்களும் செந்தமிழை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அடுக்குமொழி, எதுகை மோனை, இலக்கிய மேற்கோள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அந்தத் தமிழை ஆசையோடு கேட்டார், இது என் மொழி என்று தலைநிமிர்ந்தார். அது பெரிய சாதனை. அண்ணாவுக்குச் சொல்ல ஒரு செய்தி இருந்தது, அதற்கு அந்த நடை பொருந்தியது. நாங்கள் எங்கள் பேச்சுப் போட்டிகளுக்கு எடுத்துக்கொண்டது அந்த நடையை மட்டும்.

மறுபடி ஜேர்மனி

1983க்குப் பின் ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் இங்கே வந்தோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் தொடங்கினோம். 2002இல் ஹம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு பெரிய கோயில் எழுந்தது. பேச்சுப் போட்டிகளும் வந்தன. சீகன்பால்க் போன வழியின் மறுமுனையில் இருக்கிறோம்.

இங்கே பிறந்த பிள்ளைக்கு மூன்று மொழிகள் இருக்கின்றன. பள்ளியில் டொச். வீட்டில் கதைக்கும் தமிழ். மேடையில் தகப்பன் எழுதிக் கொடுத்த 1950களின் தமிழ். மூன்றாவதை அவள் ஆண்டுக்கு ஐந்து நிமிடம் பயன்படுத்துகிறாள். ஒரு சொல் விழுந்தால் அதன் இடத்தில் வைக்க வேறு சொல் அவளிடம் இல்லை. அதுதான் அன்று நடந்தது.

இதே பிள்ளைக்கு ஜேர்மன் பள்ளியில் என்ன கற்பிக்கிறார்கள்? சிறுவயதிலேயே ரெஃபராட் செய்யவேண்டும். ஒரு தலைப்பைத் தேடிப் படித்து, சின்ன அட்டைகளில் முக்கிய சொற்களை மட்டும் எழுதி, வகுப்புக்கு முன் நின்று தன் வசனத்தில் விளக்கவேண்டும். பிறகு மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கும் புள்ளி உண்டு. எங்கள் பிள்ளைகளுக்குப் பேசத் தெரியும். தமிழ் மேடையில்தான் அவர்களைப் பேச விடுவதில்லை.

அடுத்த ஆண்டு போட்டியில் ஒரு மாற்றம் கேட்டேன். பெரிய வாதம் நடந்தது. மனனம் இல்லாவிட்டால் நல்ல தமிழ் நாவில் ஏறாது என்று மூத்த ஆசிரியை ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சீகன்பால்கும் செய்யுள் படித்தார், நாவலரும் பாடம் செய்தவர்தான். ஆகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மூன்று நிமிடம் ஆயத்தம் செய்த பேச்சு, அட்டை வைத்திருக்கலாம். பிறகு இரண்டு நிமிடம், நடுவர் கேட்கும் ஒரு கேள்விக்கு எந்தத் தமிழிலும் பதில் சொல்லலாம். பெற்றோர் முன்வரிசையில் இருக்கக்கூடாது. கடைசி விதிதான் அதிக எதிர்ப்பைச் சந்தித்தது.

முதல் ஆண்டு சுமாராகத்தான் நடந்தது. பல பிள்ளைகள் கேள்விக்கு "ஓம்" "இல்லை" என்று நிறுத்திக்கொண்டார்கள். தமிழ் கெட்டுப்போகிறது என்று ஒரு தகப்பன் கோபித்துப் போனார். அந்தப் பெண்பிள்ளை வந்திருந்தாள். ஆயத்தம் செய்த பகுதியில் தடுமாறினாள். கேள்விப் பகுதியில் அம்மம்மாவின் மீன் சட்டியைப் பற்றிச் சொன்னாள். பின்வரிசையில் இருந்த கிழவிகள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்து அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. பரிசு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டும் வந்தாள்.

நன்றாகப் பேசுவது எப்படி என்று கேட்டவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொல்லி முடிக்கிறேன். சீகன்பால்க் போல, பேசுவதற்கு முன் கேட்பவரின் சொற்களைக் கேளுங்கள். சுசானா போல, வீட்டில் நாலு பேருக்கு முன் தொடங்குங்கள். நாவலர் போல, ஒரு நேரத்துக்கு ஒரு பொருள் வைத்துக்கொண்டு வாரம் தவறாமல் பேசுங்கள். தூத்துக்குடிக்காரரைப் போல, கேட்பவருக்கு வேண்டிய ஒன்றைச் சொல்லுங்கள். பேச்சு முடிந்தபின் கேள்விக்கு நில்லுங்கள்.

ஹாலேப் பக்கம் போகிறவர்கள் ஃபிராங்கே நிறுவனத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். தரங்கம்பாடியிலிருந்து வந்த தமிழ் ஏடுகள் அந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மணலில் இருந்து தமிழ் எழுதிய ஜேர்மானியரின் கதையைச் சொல்லுங்கள். பிழைவிட்டுப் பேசினாலும் பேசலாம் என்ற தைரியம் அவர்களுக்கு வரும்.

நான் சொன்ன விதியின்படி இப்போது என் முறை. உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.